கடைசிக் குழாயின் தண்ணீர்

நீர் பற்றிய சில பிரதிகளை சேரியிலிருந்து வாசித்தல்

1

'தமிழர் நீர் மேலாண்மை' என்ற தலைப்பில் கருத்தரங்கு நடத்தாத தமிழ்த்துறை இன்றைக்கு அபூர்வம். சங்கப் பாட்டில் குளம், காப்பியத்தில் ஆறு, கல்வெட்டில் மதகு என்று கட்டுரை வாசிக்கிறார்கள். வாசித்தவை தொகுப்பாக வருகின்றன. எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: நாம் நீர்வளம் கொழித்த நாட்டில் இருந்தோம், நீரைத் தெய்வமாக மதித்தோம், பிறகு எல்லாம் கெட்டது. எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் இந்த வகைக் கட்டுரைகளை நிறையப் படிக்கவும் கேட்கவும் நேர்ந்திருக்கிறது. அவற்றில் வருகிற 'நாம்' என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. குளத்தை வெட்டிய நாமும், குளத்தில் இறங்கக் கூடாத நாமும், இறங்கக் கூடாது என்று கரையில் நின்று தடுத்த நாமும் ஒரே நாமா?

நீர் பற்றிய சில பிரதிகளை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதல்ல அது. தண்ணீர் யார் கை வழியாக, எத்தனாவது ஆளிடம், என்ன நிலையில் வந்து சேர்ந்தது என்பதே கேள்வி. ஊருக்குத் தண்ணீர் என்பது அளவு. சேரிக்குத் தண்ணீர் என்பது வரிசை. வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்கு அளவு குறைகிறது என்று மட்டுமே இதுவரை பேசியிருக்கிறோம். தரமும் அங்கேதான் குறைகிறது. இதை நம்முடைய விமர்சனம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

நான் இருப்பது திருத்தணிப் பக்கம். மேலே 365 படி ஏறினால் முருகன். அடிவாரத்தில் ஆடிக் கிருத்திகைக்குத் தெப்பம் விடுகிற சரவணப் பொய்கை. ஊரை ஒட்டி நந்தியாறு. ஆந்திராவிலிருந்து பள்ளிப்பட்டு வழியாக இறங்கி பூண்டிக்குப் போகிற கொசஸ்தலையாறு. பார்க்கிற பக்கமெல்லாம் ஏரி. காப்பியப் புலவன் வந்தால் நாட்டுப் படலம் பாடுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தை விட்டு சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பலன் அது. அந்தப் போராட்ட வரலாற்றில் மலை இருக்கிறது, மொழி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் சேரி என்றும் அந்தப் பக்கம் மாலப்பல்லி என்றும் பெயர் மாறினாலும், ஊருக்கு வெளியே தனிக் கிணறு என்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. மொழியின் எல்லையை நகர்த்தினார்கள். கிணற்றின் எல்லை நகரவில்லை.

2

நீர் மேலாண்மைக் கருத்தரங்குகளில் உத்திரமேரூர் தவறாமல் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஜனநாயகக் குழு என்று மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். அந்தக் குழுவில் நிற்பதற்கு என்ன தகுதி என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி மண் வெட்டிச் சுமந்தவன் குடவோலையிலும் இல்லை, கல்லிலும் இல்லை.

வேறு கல்லில் இருக்கிறான். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கிய இடங்களை வரிசையாகச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் சொல்கின்றன. நமது ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலிலிருந்து குளத்தையும் வாய்க்காலையும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மூச்சில் சொல்லப்பட்ட சேரியை விட்டுவிடுகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். நீர்வளம் என்ற சொல் நிற்க வேண்டுமானால் சேரியை வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்து ஏரிகளில் மதகு திறப்பவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். கம்புகட்டி என்றும் சொல்வார்கள். தெற்கே நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். பெயர் எதுவானாலும் பெரும்பாலும் தலித்துதான். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த வாய்க்காலை எப்போது அடைப்பது என்ற கணக்கு முழுவதும் அவர் தலையில். கரை உடைகிற இரவில் மண்வெட்டியோடு நிற்பதும் அவர்தான். அந்தக் கை திறந்துவிட்ட தண்ணீர் நெல்லுக்குள் ஏறி, அரிசியாகி, சோறாகி, சாமிக்குப் படையலாகும்போது தீட்டு கிடையாது. அதே கை ஊர்க்கிணற்றில் ஒரு குடத்தை விட்டால் தீட்டு. தண்ணீர் உழைப்பாக இருக்கிற வரைக்கும் சுத்தம். உரிமையாக மாறுகிற நிமிஷத்தில் அசுத்தம். 2017இல் தமிழக அரசு 'குடிமராமத்து' என்ற பழைய பெயரை மறுபடி எடுத்து ஏரி தூர்வாரும் வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் கொடுத்தது. ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். ஏரி வாரியத்தின் தகுதிப் பட்டியலில் வேதம் போயிற்று, நிலம் அப்படியே நிற்கிறது.

பெரியபுராணத்துக்கு வருவோம். சேக்கிழார் திருநாளைப்போவார் கதையை ஆதனூரின் நீர்வளத்திலிருந்துதான் தொடங்குகிறார். கொள்ளிடத்தின் நீர், வயல், கரும்பு. அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே புலைப்பாடி. அங்கே சுரைக்கொடி ஏறிய கூரையும் கோழிக்குஞ்சும் தோல்வாரும் பறையும் வருகின்றன. கொள்ளிடத்து வெள்ளம் ஊரோடு நின்றுவிடுகிறது. நந்தன் திருப்புன்கூருக்குப் போகிறார். நந்தி விலகிய கதை எல்லோருக்கும் தெரியும், சினிமாவிலும் பார்த்தோம். அங்கே அவர் ஒரு பள்ளத்தைக் குளமாக வெட்டினார் என்பது அந்த அளவு பேசப்படுவதில்லை. கோயிலுக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவர், தில்லைக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீரை உண்டாக்கியவனைச் சுத்தப்படுத்த நெருப்பு வேண்டும் என்று சொல்லும் பிரதியை, பக்தி என்றே எவ்வளவு காலம் வாசித்துக்கொண்டிருப்பது?

3

நவீன இலக்கியத்தில் தண்ணீர் என்றதும் இரண்டு பெயர் வரும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல், 1973இல் புத்தகமாக வந்தது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம், 1980இல் மேடையேறி 1981இல் பாலசந்தர் படமானது. இரண்டையும் மதிக்கிறேன். வசனம் உரக்கப் பேசாமல் ஒரு தெருவின் பெண்கள் குடத்தோடு அலைவதை அசோகமித்திரன் எழுதிய விதம் தமிழில் அரிது. ஜமுனாவும் டீச்சரம்மாவும் மறக்க முடியாதவர்கள்.

ஆனால் இந்த நாவலில் தண்ணீர்ப் பஞ்சம் ஒரு பருவம். வருகிறது, வாட்டுகிறது, மனிதர்களைச் சோதிக்கிறது. குடத்தோடு வரிசையில் நிற்பது, அடுத்தவர் தயவில் ஒரு குடம் கேட்பது, ராத்திரி விழித்திருப்பது ஆகிய இவை அந்தத் தெருவுக்குப் புதிய அவமானங்கள். சேரியில் இவை பஞ்சம் அல்ல, வழமை. சாதி இந்துத் தெரு ஒரு கோடையில் சேரியின் வாழ்க்கைக்குள் தள்ளப்படும்போது அது நாவலாகிறது. சேரி அதிலேயே பிறந்து அதிலேயே சாகும்போது அது செய்தியாகக்கூட ஆவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த எழுத்து எந்த இடத்தில் நின்று பார்க்கிறது என்று சொல்கிறேன்.

அந்தத் தெருக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். சென்னைக்குக் குடிநீர் தருவதற்காகவே கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. பிறகு அதே ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரையும் ஆழ்குழாய் போட்டு எடுத்தார்கள். 1983இல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம். 1996இல் கிருஷ்ணா நீர் எல்லைக்கு வந்தது. கண்டலேறிலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர், எல்லையிலிருந்து பூண்டி வரை 25 கிலோமீட்டர் கால்வாய். 2022இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே ஆந்திர அரசு அணை கட்டப் போவதாகச் செய்தி வந்ததும், சென்னையின் குடிநீர் பாதிக்கும் என்று தமிழக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நியாயமான கடிதம்தான். தலைநகரத்துக்காக ஒரு ஆற்றுக்குப் பேச இத்தனை பேர் இருக்கிறார்கள். அந்த ஆறும் கால்வாயும் தாண்டிப் போகிற சேரிகளின் குழாய்க்காக எந்த முதலமைச்சர் யாருக்குக் கடிதம் எழுதுவது?

கோமலின் நாடகம் வேறு வகை. கோவில்பட்டிச் சீமையின் வறண்ட கிராமம், அத்திப்பட்டி. அரசாங்கம் கைவிட்ட ஊர் தானே எழுந்து நிற்கிறது. மோதல் ஊருக்கும் அரசாங்கத்துக்கும். அந்தக் காலத்தில் அது தேவையான குரல். ஆனால் 'ஊர்' ஒரே உடம்பாக எழுந்து நின்றால்தான் அந்த நாடகம் நடக்கும். தண்ணீர் வண்டி வந்து நின்றதும் முதல் குடம் யாருடையது, கடைசிக் குடம் யாருடையது, குடத்தோடு குடம் உரசலாமா என்பது அந்த நாடகத்தின் அக்கறை அல்ல. இடதுசாரித் தோழர்களிடம் இதைச் சொன்னால், "முதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் பங்கு பேசலாம்" என்பார்கள். வந்த தண்ணீரில்தான் எங்களுக்குச் சண்டையே.

4

தண்ணீரின் தரத்தை முதலில் எழுதியவர்கள் தீண்டாமையை எழுதியவர்கள்தான். பிரேம்சந்தின் 'தாக்கூரின் கிணறு' 1932இல் வந்த சின்னக் கதை. நோயாளிக் கணவன் குடிக்கக் கேட்கிறான். கங்கி கொண்டுவந்த தண்ணீர் நாறுகிறது. கிணற்றில் ஏதோ செத்து விழுந்திருக்கிறது. அவள் ராத்திரியில் தாக்கூரின் கிணற்றுக்குப் போகிறாள். கதவு திறக்கும் சத்தம். கயிறும் குடமும் கிணற்றுக்குள் விழ, ஓடி வருகிறாள். வீட்டில் அவன் அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். காய்ச்சினால் கெடுதல் போகும் என்பது அவளுக்குத் தெரியாது என்று பிரேம்சந்த் ஒரு இடத்தில் சொல்லிப் போகிறார். அங்கே மட்டும் அவர் சீர்திருத்தக்காரராகிவிடுகிறார். கங்கிக்கு எது தெரியாது? தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதை அவள் மூக்கும் கண்டுபிடித்தது. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்றும், அதற்கு என்ன விலை என்றும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். காய்ச்சிக் குடி என்று அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சுகாதார ஊழியர் சொல்லிவிட்டுப் போகிறார். கிணறு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் 1901ஆம் ஆண்டு கோரேகாவுக்கு மாட்டு வண்டியில் போன கதையைச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள். கையில் சாப்பாடு நிறைய இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த குட்டை. சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் பட்டினியாகவே படுத்தார்கள். வழியில் தண்ணீரே இல்லாமல் இல்லை. இருந்த நல்ல தண்ணீருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில் சாதி இருந்தது. பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் பாட்டிக்கு நாயக்கர் வீட்டுப் பெண்கள் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவர் கையைக் குவித்து ஏந்திக் குடிக்கிறார். இந்த மூன்றும் தலித் வாழ்வின் 'அனுபவப் பதிவுகள்' என்று ஒதுக்கப்படுகின்றன. தண்ணீர் விநியோகம் பற்றி இவற்றைவிடத் தெளிவாகப் பேசும் ஆவணம் எந்தத் துறையிலும் இல்லை என்பது என் எண்ணம்.

சட்டம் வராமலில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். பம்பாயில் 1923இலேயே அப்படியொரு தீர்மானம் வந்தது. மகாத் நகராட்சியும் குளம் எல்லோருக்கும் என்றது. ஆனாலும் 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் சவதார் குளத்து நீரைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் செய்ததை நீர்த்தரம் பற்றிய பாடத்திலேயே சேர்க்க வேண்டும். 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். மனிதன் கைபட்ட தண்ணீர் அசுத்தம். மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த தண்ணீர் சுத்தம். கோரேகாவ் வழிக் குட்டையில் இருந்ததும் அதேதான். குட்டையில் இருந்தால் அது எங்களுக்குக் குடிநீர். குடத்தில் இருந்தால் அவர்களுக்குத் தீர்த்தம்.

5

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் அன்றைய பிரகாசம் மாவட்டத்துக் காரஞ்சேடு. 1985 ஜூலை. மாதிகர்கள் குடிக்கிற குளத்தில் கம்மா சாதி இளைஞர்கள் மாட்டுக்கு வைத்த வாளியைக் கழுவினார்கள். தண்ணீரை அசுத்தப்படுத்தாதே என்று கேட்டார்கள். அடிக்க வந்தபோது ஒரு மாதிகப் பெண் கையிலிருந்த குடத்தை ஓங்கினாள். மறுநாள், 17ஆம் தேதி, சேரிக்குள் புகுந்து வெட்டினார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். சேரியே சீராலாவுக்கு ஓடிப் போய்க் குடியேறியது. தலித் மகாசபை அதில்தான் பிறந்தது. இன்றைய தெலுங்கு தலித் இலக்கியத்தின் வேகமும் அங்கிருந்து வந்தது. உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்ல 2008 ஆயிற்று. இந்தப் படுகொலையைச் சாதி மோதல் என்றுதான் எல்லோரும் குறிக்கிறார்கள். அது குடிநீரின் தரத்துக்காகப் பேசியதற்குக் கொடுக்கப்பட்ட தண்டனை. குடிக்கிற தண்ணீரில் மாட்டு வாளியைக் கழுவாதே என்று சொல்வது எந்தச் சுகாதாரப் புத்தகத்திலும் இருக்கிற வாக்கியம். சேரிக்காரி சொன்னால் அது கலகம்.

ஜமுனா, கங்கி, அந்த மாதிகப் பெண் என்று எல்லாக் கதையிலும் குடம் பெண் கையில் இருப்பதைக் கவனியுங்கள். ஜமுனாவின் குடம் நிறையாதது. கங்கியின் குடம் கிணற்றில் விழுந்தது. காரஞ்சேட்டில்தான் குடம் ஓங்கப்பட்டது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது குற்றம் என்று தனியாக ஒரு பிரிவு. இந்த நாட்டில் அப்படிச் செய்வார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்த பிறகுதான் தண்ணீர் மேல் சந்தேகம் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் போனபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும், தலித்துகள் நுழைய முடியாத அய்யனார் கோயிலும் வெளியே வந்தன. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித்துகளைக் குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் மறுத்தார்கள். மத்தியப் புலனாய்வு கேட்டார்கள். வழக்கு வன்கொடுமை நீதிமன்றத்திலிருந்தே வெளியே போயிற்று.

தீர்ப்பை எழுத நான் வரவில்லை. ஒரு பிரதியாக இந்த இரண்டு வருஷத்தை வாசிக்கிறேன். தொடக்கத்தில் கேள்வி, இந்தக் குடிநீருக்கு யார் இப்படிச் செய்வார்கள் என்பது. முடிவில் கேள்வி, அந்தத் தொட்டியில் யாருடைய மரபணு என்பது. நடுவில் டீக்கடை போய்விட்டது, கோயில் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரு சோதனைக் குழாய்க்குள் அடைத்தாயிற்று. தண்ணீர்க் கருத்தரங்குக்காரர்கள் யாரும் வேங்கைவயலைத் தங்கள் தலைப்பில் சேர்க்கவில்லை. அது 'நீர் மேலாண்மை'யில் வராதாம்.

வருகிறது. மலம் கலப்பதற்குக் கொடியவன் ஒருவன் தொட்டி மேல் ஏற வேண்டும் என்பதில்லை. திருத்தணி வட்டாரத்தில் பல கிராமங்களில் நடந்து பார்த்தேன். தொட்டி ஊரில். குழாய் ஊரைச் சுற்றி வந்து கடைசியில் காலனி. ஊர் வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறது; விரிசல் இருந்தால் வெளியே தேங்கிய சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் தூரம் போகப் போகக் குறையும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம். அது மிஞ்சாமல் போவதும் முதலில் கடைசிக் குழாயில்தான். மாதிரியைத் தொட்டியடியில் பிடித்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றுதான் அறிக்கை வரும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது, வீட்டு இணைப்புகளை எண்ணுகிறது. குழாய் எந்தத் தெருவில் முடிகிறது என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. பழைய கிணற்று வரிசையைத்தான் மண்ணுக்குள் புதைத்து, மேலே திட்டத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பெரியம்மா படிக்காதது. இதையே ஒரு வாக்கியத்தில் சொல்லும்: "ஊரு குடிச்சி, ஊரு மாடு குடிச்சி, ஊரு துணி தொவைச்சி மிச்சம் இருந்தா நம்ம கொழாய்க்கு வரும்டி. வந்தா மோந்து பாக்காத, குடி."

மோந்து பார்க்க வேண்டும். அதுதான் தலித் விமர்சனத்தின் வேலை. நீர்வளம் பாடுகிற எந்தப் பிரதி வந்தாலும், அது செய்யுளாக இருந்தாலும் அரசாணையாக இருந்தாலும், மூன்று கேள்வி போடுவோம்: குளத்தை யார் வெட்டினார்கள்? குடத்தை யார் நிரப்பிக்கொண்டார்கள்? கடைசியில் வந்தது எப்படி இருந்தது? மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். அவரவர் ஊர்த் தொட்டியிலிருந்து காலனி வரை குழாய் போகிற வழியைக் காகிதத்தில் வரையுங்கள். தண்ணீர் விடுகிற நாளில் கடைசிக் குழாயில் ஒரு மாதிரி பிடியுங்கள். தொட்டியடியில் ஒன்று பிடியுங்கள். இரண்டையும் சோதனைக்குக் கொடுத்து முடிவைக் கிராமசபையில் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த நீர் மேலாண்மைக் கருத்தரங்குக்கு அதையே கட்டுரையாக அனுப்புங்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.